தார், ரெண்டு இஞ்ச், ஒரு ஸ்டூல்

பாகாயத்தில் போன ஞாயிறு காலைத் தூக்கத்தைக் கெடுத்தது எதிர்வீட்டுத் தார். வண்டிக்கு லிஃப்ட் போடுகிறாராம். யூடியூப் இருக்க மெக்கானிக் எதற்கென்று போர்டிகோவிலேயே ஜாக்கி வைத்துவிட்டார். அசையாத போல்ட்டுக்கு டபிள்யூ.டி. 40, அதற்கும் மசியாவிட்டால் சுத்தியல். தெருவே காம்பவுண்டில் சாய்ந்து யோசனை சொன்னது. "ஸ்பிரிங் பக்கம் கையை விடாதப்பா" என்றவர் ஒருவர்தான் உருப்படி. அமுக்கிவைத்த காயில் தெறித்தால் விரல் மிஞ்சாது.

2020 அக்டோபரில் வந்த இந்த மாடலுக்குக் கம்பெனியே 226 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் கொடுத்திருக்கிறது. போதாதாம். ஸ்பிரிங்குக்கு ரெண்டு இஞ்ச் ஸ்பேசர் போட்டுவிட்டு, "இப்ப 276" என்று தெருவெல்லாம் கணக்குச் சொல்கிறார். ஆனால் பின்பக்கம் இருப்பது ஒரே நீள ஆக்சில். அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல், சக்கரம் இருக்கும் உயரத்தில்தான் இருக்கும். ஸ்பேசர் போட்டால் பாடி மேலே போகும், அது போகாது. பெரிய டயர் போட்டால்தான் உயரும். இதை எழுதுபவர் அதைச் சொல்லப்போக, "ஸ்கூட்டர் ஓட்டுறவங்களுக்கு இதெல்லாம் புரியாது சார்" என்று பதில் வந்தது.

சரி, தூக்கியாயிற்று. இனி அவர் அம்மா ஏற வேண்டும். மூட்டுவலிக்காரர். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. அம்மா ஏறிவிடுவார், ஸ்டூல் ரோட்டிலேயே நிற்கும். அதை எடுக்க மகன் இறங்க வேண்டும். அதனால் ஸ்டூலில் கயிறு கட்டி, ஏறியதும் அம்மாவே கிணற்று வாளி மாதிரி மேலே இழுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. இறங்கும்போது கயிற்றைத் தளர்த்தினால் அது தலைகீழாக விழும். மறுபடி மகன். ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசலில் ஸ்டூலை மறந்துவிட்டு அர்ச்சனை முடித்து வந்தால் அதில் பூக்காரம்மா உட்கார்ந்திருக்கிறார். ஆம்பூரில் பிரியாணிக் கடைப் பையன் தன் கடை ஸ்டூல் என்று உள்ளே எடுத்துப் போய்விட்டான். அதில் உட்கார்ந்த ஒருவர் இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுந்திருக்கும்வரை குடும்பமே பக்கத்தில் நின்றது. இப்போது ஸ்டூலில் பெயின்ட்டால் வண்டி நம்பர் எழுதியிருக்கிறது. அம்மா ஷேர் ஆட்டோவில் போகிறார். ஸ்டூல் மட்டும் தாரில் போகிறது.

இத்தனையும் எங்கே போக? அமிர்திக்கு. அங்கே பஸ்ஸே போகிறது. அதே ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கி 1986 முதல் வேலை செய்கிறது. அங்கேயும் நல்ல ரோடுதான்.

கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. "இது மாடிஃபிகேஷன் இல்ல சார், அப்கிரேடு" என்று எதிர்வீட்டுக்காரர் அதற்கும் மேல் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

அலைன்மென்ட் பார்த்துவிட்டார், அதற்கு நன்றி. ஹெட்லைட்டைத்தான் விட்டுவிட்டார். வண்டியோடு சேர்ந்து வெளிச்சமும் ஏறிவிட்டது. ராத்திரி ஆரணி ரோட்டில் எதிரே வருகிறவனுக்குக் கண் தெரிவதில்லை. லிஃப்ட் போட்ட அண்ணன்மாரே, ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு திருகு இருக்கிறது. அதைக் கொஞ்சம் திருகி வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள்.