மாணவர்கள் ஆர்வத்துடன் பங்குபற்றினர்

இனிமேல் ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்குபற்றினர்’ என்று எழுதக் கூடாதாம். போன வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து வந்த ஒருவர் எங்கள் பாடக்குறிப்புப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டுச் சொன்னார். பிரதிபலிப்பு என்ற இடத்தில் பாடசாலை முழுக்க ஒரே வசனம்தான் கிடக்கிறதாம். கணித சேரும் அதையே எழுதியிருக்கிறார், சமய டீச்சரும் அதையே எழுதியிருக்கிறார். இந்த நோய்க்கு மருந்தாக ஒரு படிவமும் தந்துவிட்டுப் போனார். கிப்ஸ் என்ற ஆங்கிலேயர் 1988இல் போட்ட வட்டத்தை நீட்டி ஆறு பெட்டியாக்கியது. என்ன நடந்தது, என்ன உணர்ந்தீர்கள், எது சரிவந்தது எது பிழைத்தது, ஏன், வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வீர்கள். பாடவேளைக்கு ஒரு படிவம்.

எனக்குக் கோபம் ஐந்தாவது பெட்டியோடுதான். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முதல் அந்த வசனத்துக்காக நாலு வார்த்தை பேசாவிட்டால் நன்றிகெட்டவனாகிவிடுவேன்.

எப்பேர்ப்பட்ட வசனம் அது! கார்த்திகை அடைமழையில் எங்கள் படுவான்கரை றோட்டெல்லாம் தண்ணிக்குள் போய், வந்திருந்த ஏழெட்டுப் பிள்ளைகளும் வாசலில் குந்தி மீன்குஞ்சு பிடித்த அன்றும் மாணவர்கள் ஆர்வத்துடன் பங்குபற்றினர். எதில் என்று வசனம் சொல்லாது. ஆகவே பொய்யும் சொல்லாது. இரவு யானை வந்து மதிலைச் சரித்துவிட்டுப் போன காலையில் நான் பின்னம் படிப்பிக்கப் போனேன். பிள்ளைகள் அடிமட்டத்தோடு ஓடிப்போய் யானைக் காலடியை அளந்தார்கள். ஆர்வத்துடன். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் வகுப்பில் மிஞ்சியது மூன்று பேர், அதில் ஒருவனுக்குக் காய்ச்சல். மூவரும் பங்குபற்றினர். 2020இல் கொரோனாவுக்குப் பாடசாலையைப் பூட்டியபோது வட்ஸ்அப்பில் படிப்பித்தோம். வீட்டில் போன் இருந்த நாலு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள், நானும் புத்தகத்தில் எழுதினேன். நான் வகுப்புக்கே போகாமல் கந்தோரில் இருந்து சீருடைத் துணி எண்ணிய பாடவேளையிலும் அவர்கள் பங்குபற்றினர். அன்றைக்குத்தான் ஆர்வம் உச்சம், பக்கத்து வகுப்பு டீச்சர் சாட்சி.

அந்த வசனம் தனியாகவும் வராது. ‘எதிர்பார்த்த தேர்ச்சி அடையப்பட்டது’ என்று ஒரு அண்ணன், ‘மெல்லக் கற்போருக்குப் பரிகாரக் கற்பித்தல் மேற்கொள்ளப்படும்’ என்று ஒரு தம்பி. தம்பி எப்போதும் நாளைக்குத்தான் வேலை செய்வான். புதிதாக நியமனம் எடுத்து வருகிற ஆசிரியைக்கு முதலில் இந்த மூன்றையும் சொல்லிக்கொடுப்போம். மலசலகூடச் சாவி எங்கே தொங்குகிறது என்பதெல்லாம் பிறகுதான். எங்களைப் படிப்பித்தவர்களின் புத்தகங்களிலும் இந்தக் குடும்பம் இருந்தது. ஓய்வுபெற்ற சேர் ஒருவரின் பிரியாவிடையில் அதிபர் நாத்தழுதழுக்க, “சேர் எல்லா நிகழ்விலும் ஆர்வத்துடன் பங்குபற்றினார்” என்றார். பெற்றார் கண்ணைத் துடைத்தார்கள். ஆசிரியர்கள் மட்டும் தலையைக் குனிந்து தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். இப்படிப்பட்ட வசனத்தைத்தான் எழுதக் கூடாது என்கிறார்கள்.

ஐந்தாவது பெட்டிக்கு வருகிறேன்: வேறென்ன செய்திருக்கலாம். வந்தவர் போகிறபோக்கில் டொனால்ட் ஷோனின் பெயரையும் சொன்னார். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு நாங்களும் அந்தப் பெயரை மனப்பாடம் பண்ணியவர்கள்தான். 1983இல் வந்த அவருடைய புத்தகத்தில் அவர் கூர்ந்து பார்த்தது கட்டடக் கலைஞர், உளச்சிகிச்சையாளர், பொறியியலாளர், நகரத் திட்டமிடலாளர், முகாமையாளர் ஆகியோரை. ஒருவர் கையிலும் வரவு இடாப்பு இல்லை. வேலை நடக்கும்போதே யோசித்து, அந்த இடத்திலேயே கையை மாற்றிப் போடுவதுதான் மனுஷனுக்குப் பெரிதாகப் பட்டது. ஜாஸ் வாசிப்பவர்களை உதாரணம் காட்டினார். எட்டாம் ஆண்டுக்குக் கடைசிப் பாடவேளையில் விகிதம் எடுக்கிற எவருக்கும் இது தெரியும். இரண்டாம் வாங்கில் இருக்கிற பிள்ளையின் புருவம் சுருங்கியதும் கரும்பலகையில் பாதியை அழித்துவிட்டு, “சரி, கால் கிலோ இறால் இவ்வளவு என்றால் ஒன்றரைக் கிலோ எவ்வளவு?” என்று இறங்குவோம். தகப்பன் வாவியில் வலை போடுகிற பொடியன் புத்தகம் பார்க்காமல் விடை சொல்வான், விலை பிழை என்றும் சொல்வான். வேறென்ன செய்யலாம் என்று யோசித்து அதை அங்கேயே செய்து முடிக்க அரை நிமிஷம். படிவத்தில் நிரப்ப அரை மணித்தியாலம்.

அந்த அரை மணித்தியாலத்துக்கு எங்கே போவது? ஆசிரியருக்கு மூன்று வகிபாகம் என்று 2007 பாடத்திட்டத்தோடு வந்த வழிகாட்டிகளிலேயே போட்டிருக்கிறது: ஊடுகடத்தல், கொடுக்கல் வாங்கல், நிலைமாற்றம். சந்தோஷம். ஒரு புதன்கிழமையைச் சொல்கிறேன். குருக்கள்மடத்தில் மோட்டார்சைக்கிளை வாவி கடக்கும் ‘பாதை’யில் ஏற்றி அம்பிளாந்துறையில் இறங்கும்போதே அதிபரின் அழைப்பு, டெங்குப் பரிசோதகர் வருகிறாராம். சிரட்டை, டயர், யோகட் கோப்பை எல்லாம் பொறுக்கினேன். சாப்பாடு வந்தது, முட்டை எண்ணினேன், ஒன்று குறைந்தது, அதற்கு விசாரணை. ஒரு தாய் வந்து நின்றார். புருஷன் கட்டாரில். “நீங்க சொன்னாத்தான் சேர் கேட்பான், தலைமயிரை வெட்டச் சொல்லுங்க” என்றார். சொன்னேன். அவன் என் தலையைப் பார்த்தான், அங்கே வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. தேர்தல் வந்தால் நான்தான் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர். ஊர்க் கோயில் திருவிழாவுக்கு நான்தான் ஒலிவாங்கி. இதெல்லாம் எந்த வகிபாகத்தில் சேர்த்தி என்று ஒரு செயலமர்வில் கேட்டேன். வளவாளர் தேநீர் இடைவேளை விட்டார்.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளும் எங்கள் தொழில்தான் செய்தார். விஞ்ஞானம் படிப்பித்தார், மானிப்பாயில் அதிபராக இருந்தார், துறவியானார், கல்லடியில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார், 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். நல்ல காலம், அவர் மேசைக்கு ஆறு பெட்டி வரவில்லை. வந்திருந்தால் இன்றைக்கும் அவர் ஆராய்ந்த ஆயிரம் நரம்பு யாழுக்கு மூன்றாம் பெட்டிதான் நடந்துகொண்டிருக்கும்.

எங்கள் பாடசாலை ஆட்களைச் சும்மா நினைக்க வேண்டாம். சனிக்கிழமை இரவே ஆறு பெட்டிக்கும் பொது விடைகளை வர்த்தக சேர் தட்டச்சிட்டு வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். இரண்டாம் பெட்டிக்கு எல்லாரும் ‘மகிழ்ச்சியாக உணர்ந்தேன்’ என்று போடுவதாக ஏகமனதான முடிவு. புதிதாக வந்த ஆசிரியைக்கு மட்டும் ஒரு சந்தேகம். “கோபம் வந்தது என்று எழுதலாமா டீச்சர்?” என்று கேட்டிருந்தார்.

சமய டீச்சர் பதில் போட்டார்: “எழுதலாம் புள்ள. ஆனா நாலாம் பெட்டியில அதுக்குக் காரணம் கேட்பாங்க.”