மேசை ஆணாகிவிட்டது, தாத்தா

கேல், ஜெர்மனி

அன்புள்ள தாத்தாவுக்கு,

பாட்டியின் முழங்கால் எப்படி இருக்கிறது? பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14 அன்று கடற்கரையில் மெடல்களோடு நீங்கள் நிற்கும் போட்டோ வந்து சேர்ந்தது. கோட்டுப் பித்தானை ஒரு துளை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். பாட்டி எப்படிக் கவனிக்காமல் விட்டாள்?

“ஜெர்மன் எந்த மட்டுல இருக்கு?” என்று கேட்டீர்களே, அது போனில் சொல்லி முடிகிற சமாசாரமில்லை. நாங்கள் இப்போது மேசை நாற்காலியில் இருக்கிறோம். ஏறி உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள், பாடமே அதுதான். ஆபீசில் ஆங்கிலத்தை வைத்து ஓட்டிவிடலாம். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாளிடம் அது வேகாது. அதனால் ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலெ என்கிற பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு. இந்த மாதிரிப் பள்ளிக்கூடம் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. யோகாசனம் முதல் ஜெர்மன் வரை பெரியவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

முதல் வில்லங்கம் ஆண் பெண் விவகாரம். உங்கள் பிரெஞ்சில் ஆண், பெண் இரண்டோடு முடிந்தது. இங்கே டெர் ஆண், டீ பெண், இரண்டிலும் சேராததற்கு டாஸ். சரி, நம் அஃறிணை மாதிரி சாமான்களையெல்லாம் மூன்றாவதில் தள்ளியிருப்பார்கள் என்று பார்த்தால், அதுதான் இல்லை. திண்ணையில் உட்கார வைத்து நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த ‘லா தாப்ள்’ பெண்ணல்லவா? இங்கே அது டெர் டிஷ், மீசை வைத்த ஆண். நாற்காலியும் அங்கே பெண். இங்கே டெர் ஷ்டூல். கட்டில் பிரெஞ்சில் ஆண். இங்கே டாஸ் பெட், எதிலும் சேர்த்தியில்லை. விளக்கும் கதவும் மட்டும் இரண்டு பாஷையிலும் பெண்ணாகவே இருந்து மானத்தைக் காப்பாற்றுகின்றன.

கேல் ரைன் ஆற்றின் இந்தக் கரை. எதிர்க்கரை ஸ்ட்ராஸ்பூர், பிரான்ஸ். 2017 முதல் அங்கேயிருந்து டிராம் பாலத்தைத் தாண்டி எங்கள் ஊருக்கு வருகிறது. ஸ்ட்ராஸ்பூரில் ஒரு மேசை வாங்கினால் அது பெண். ஆற்றைக் கடந்து இறக்கினால் ஆண். நடுவில் போலீஸ்காரர் நிறுத்தினாலும் என் பாஸ்போர்ட்டைத்தான் பார்ப்பாரே தவிர மேசையை ஒரு வார்த்தை கேட்கமாட்டார். இன்னொரு சங்கதி உங்களுக்குப் பிடிக்கும். யுத்தம் முடிந்த பிறகு இந்த ஊரும் பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது. தவணை தவணையாகத் திருப்பிக் கொடுத்து, 1953-இல்தான் முழுசாக விட்டார்கள். அடுத்த வருஷம் நவம்பர் 1-இல் நம் புதுச்சேரி. அவர்கள் காலி பண்ணிய ஊராகவே எனக்கு வாய்க்கிறது! பக்கத்துப் பாடன்-பாடனில் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு இருந்தபோது நீங்கள் கற்ற ஒரே ஜெர்மன் வார்த்தை ‘பியர்’ என்று பாட்டி சொல்வாளே, அது டாஸ். இனிமேல் மரியாதையாகச் சேர்த்தே சொல்லுங்கள்.

அடுத்தது இருப்பு. நமக்கு எது எங்கே கிடந்தாலும் ‘இருக்கு’. இங்கே ஒவ்வொரு சாமானும் எந்த நிலையில் இருக்கிறது என்று வாக்குமூலம் தர வேண்டும். அலமாரி நிற்கிறது. கம்பளம் படுத்திருக்கிறது. படம் தொங்குகிறது. புத்தகம் அடுக்கில் இருந்தால் நிற்கிறது, மேசைமேல் போட்டால் படுத்துவிடுகிறது. அதுவரை நியாயம். ஆனால் சாப்பாட்டுத் தட்டு, அவ்வளவு தட்டையான தட்டு, மேசைமேல் ‘நிற்கிறது’ என்கிறார்கள். பக்கத்திலேயே ஸ்பூன் படுத்திருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு, தட்டுக்கு அடிப்பாகம் இருக்கிறதே என்றார் டீச்சர். அப்படியானால் நாங்கள் சாப்பிடும் வாழையிலை? அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “படுத்திருக்கும்” என்றார். இலைக்குக் கிடைத்த தீர்ப்பு சரிதான் என்றே எனக்கும் படுகிறது.

இது போதாதென்று, நகர்கிறதா, நகர்ந்து முடிந்ததா என்று ஒரு விசாரணை. டம்ளர் மேசைமேல் இருந்தால் மேசைக்கு ‘டெம்’. டம்ளரைக் கொண்டுபோய் வைத்தால் அதே மேசைக்கு ‘டென்’. நகர்வது டம்ளர், தலைப்பாகை மாறுவது மேசைக்கு! மேல், கீழ், முன், பின் என்று இப்படி ஆளுக்கொரு முகம் காட்டும் சொற்கள் 9 இருக்கின்றன. வகுப்பே தலையில் கைவைத்தது. நான் அசரவில்லை. ஏழாம் வேற்றுமைக்கு நன்னூலில் பவணந்தியார் அடுக்கிய இடப்பொருள் உருபுகள் 28 ஆயிற்றே, எங்கள் தமிழையாவிடம் பிரம்படியோடு படித்தவன் நான். டீச்சரிடம் சொன்னேன். “அத்தனையும் தினம் பேசுவீர்களா?” என்று மிரண்டுபோனார். அதில் பாதி இப்போது பரீட்சைக்கு மட்டும்தான் என்பதை நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் தமிழ் மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

28-இல் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு பாட்டி நடத்துகிற குடித்தனம் இவர்களுக்கு எந்த ஜென்மத்திலும் புரியாது. “அது, அங்க இதுக்குப் பின்னால இருக்கும் பாருங்க.” சாமானுக்கும் பெயரில்லை, இடத்துக்கும் பெயரில்லை. நீங்களும் நேராகப் போய் மூக்குக்கண்ணாடியோடு திரும்புவீர்கள்.

போன வாரம் வகுப்பில் எல்லோரும் எழுந்து அவரவர் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. நான் முத்தியால்பேட்டை வீட்டை எடுத்துக்கொண்டேன். கூடத்தில் ஊஞ்சல் தொங்குகிறது என்றேன். “குழந்தைகளுக்கா?” “இல்லை, பாட்டிக்கு.” பாட்டியின் பட்டுப்புடவையெல்லாம் பீரோவில் இருக்கிறது என்றதும், உங்கள் பாட்டி எந்த ஆபீசில் வேலை பார்க்கிறார் என்று ஒரு போலந்துக்காரர் அக்கறையாக விசாரித்தார். இங்கே அந்தச் சத்தத்துக்கு ஆபீஸ் என்று அர்த்தம். முற்றத்துக்கு வந்தபோதுதான் பெரிய சண்டை. நடுவில் கூரை கிடையாது, மழை வந்தால் வீட்டுக்குள்ளேயே பெய்யும் என்றேன். “வெளியே” என்று டீச்சர் திருத்தினார். “உள்ளே” என்றேன் நான். தாழ்வாரம், தூண்கள், ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர், அதைப் பிடிக்கப் பாட்டி வரிசையாக வைத்த தவலை, குடம், அண்டா எல்லாம் போர்டில் வரைந்து காட்டினேன். அவர் முகம் தெளியவில்லை. கடைசியில் டமாஸ்கஸ்காரர் ஒருவர் எழுந்து, எங்கள் ஊர்ப் பழைய வீடுகளும் இப்படித்தான், முற்றத்து நடுவில் நீரூற்றுகூட இருக்கும் என்று சாட்சி சொன்னார். அப்புறம்தான் மழையை உள்ளே விட்டார்கள். திண்ணையைச் சாமானில் சேர்ப்பதா சுவரில் சேர்ப்பதா என்பது வகுப்பு முடிகிறவரை தீரவில்லை.

இவ்வளவு சாமான் பெயர் படிக்க வைக்கிற நாட்டில் வாடகை வீட்டை எப்படித் தருகிறார்கள் தெரியுமா? மொட்டையாக! நம் ஊரில் காலி பண்ணுகிறவர் மின்விசிறியைக் கழற்றினாலே வீட்டுக்காரர் முனகுவார். இங்கே பல வீடுகளில் அடுப்படியையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அலமாரி ஒன்றும் இருக்காது; சுவரில் தண்ணீர்க் குழாய் மட்டும் துருத்திக்கொண்டிருக்கும். விளக்கு இருந்த இடத்தில் ஒயர் தொங்கும். எனக்கு முன்னால் இருந்தவர் தயவாளி, அடுப்படியை எனக்கே விலைக்குத் தந்துவிட்டுப் போனார்.

மற்றதில் பாதி தெருவிலிருந்து வந்தது. கோபிக்காதீர்கள், இங்கே அது கௌரவக் குறைச்சல் இல்லை. வேண்டாத நாற்காலியைத் துடைத்து வாசலில் வைத்து, இலவசம் என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். நம் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அதே நாற்காலிக்கு ஒரு காலை நேரம் முழுக்கப் பேரம் நடக்கும். என் புத்தக அலமாரி அப்படிக் கிடைத்ததுதான். அதைத் தோளில் சுமந்து வந்து மாடிப்படியில் கால் வைத்தபோது வீட்டுக்கார அம்மாள் கதவைத் திறந்து, எங்கே வைக்கப் போகிறாய் என்று கேட்டார். சன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் என்று முழு வாக்கியமாகச் சொன்னேன். இரண்டுமே டாஸ், நல்லவேளை. அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையசைத்துக் கேட்டு, இலக்கணம் சரி என்று சொல்லி, சுவரில் இடிக்காமல் கொண்டுபோ என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது வீட்டில் எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டியிருக்கிறேன். ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு, மூன்றாவதுக்குப் பச்சை. சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டின மாதிரி எங்கே திரும்பினாலும் எழுத்து.

ஒரு காரியம் ஆக வேண்டும் தாத்தா. என் டிகிரி சர்டிபிகேட்டின் அசல் தேவைப்படுகிறது. மாடி அறையில், சன்னலுக்கு வலப்பக்கம் நிற்கும் மர அலமாரியின் மேல்தட்டில், பச்சை ஃபைலுக்கு அடியில், அது படுத்திருக்கிறது. இதைப் பாட்டியிடம் வாசித்துக் காட்டிக் குழப்ப வேண்டாம். “அவனோட அது, மேல இருக்குதாம்” என்று சொல்லுங்கள், எடுத்துக் கொடுத்துவிடுவாள். பார்சலில் நாரத்தங்காய் ஊறுகாயும் வைக்கப்போவதாகச் சொன்னாள். பாட்டிலை நிற்க வைத்தே கட்டச் சொல்லுங்கள். படுக்க வைத்தால் சர்டிபிகேட் முழுக்க நல்லெண்ணெய்.

அன்புடன்,
உங்கள் பேரன்