துணியொட்டியல்: ஒரு முன்னாய்வு

காரின் உட்புற பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றி, கூடத்தில் பழைய செய்தித்தாள் விரித்து, அவற்றின்மேல் பூப்போட்ட துணியை ஒட்டி, மறுபடி மாட்டும் வேலைக்குத் தமிழில் இதுவரை துறைப்பெயர் கிடையாது. துணியொட்டியல் என்று இக்கட்டுரை பெயர் சூட்டுகிறது. பெயர் வைத்தாலே பாதி ஆய்வு முடிந்த மாதிரிதான். மீதிப் பாதிக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும், வேறு வேலை சொல்ல வீட்டில் ஆளில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தேவைப்படும்.

ஆய்வின் எல்லையை முதலில் வகுத்துக்கொள்வது மரபு. சீட் கவர் இதில் சேராது. அது குஷன் கடைக்காரர்களின் தொழில், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அதற்கென்றே கடைகள் உண்டு. ஸ்டியரிங் உறை, டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார் ஆகியனவும் விலக்கப்படுகின்றன. எல்லைக்குள் வருபவை டோர் பேட் எனப்படும் கதவின் உட்பலகை, கண்ணாடியோரத் தூண்களை மூடும் பில்லர் டிரிம், பின் கண்ணாடிக்குக் கீழே ஸ்பீக்கர் உட்காரும் பார்சல் டிரே, அப்புறம் தலைக்கு மேலே தொங்கத் தொடங்கிவிட்ட ரூஃப் துணி.

இவற்றின்மேல் ஏன் துணி ஒட்ட வேண்டும்? இந்த ஆய்வின் கருதுகோள் இதுதான்: காருக்குள் இருக்கும் எந்தப் பொருளும் தன் சொந்த முகத்தோடு இருப்பதில்லை. டேஷ்போர்டைக் கிட்டத்தில் பார்த்தால் தோலின் மயிர்த்துளைகள் தெரியும். அது மாட்டுத் தோல் அன்று, அச்சில் வார்த்த பிளாஸ்டிக். சில கார்களில் தையல்கூட உண்டு. ஊசியும் நூலும் கிட்டே வராமல் அந்த இழைகளும் அச்சிலேயே வார்க்கப்பட்டவை. மரம் என்று பளபளப்பது மரப்படம் ஒட்டிய பிளாஸ்டிக். இத்தனை வேடத்துக்கு நடுவே, அசல் பருத்தித் துணியை எடுத்துக்கொண்டு காருக்குள் நுழையும் ஒரே ஜீவன் வீட்டில் துணி ஒட்டுபவர்தான். அசல் துணியால் காருக்குள் பிழைக்க முடியாது என்பது அவருக்குப் பிறகுதான் தெரியவரும்.

வரலாறு அவர் பக்கம் இருக்கிறது. கார்கள் வந்த புதிதில் முதலாளிக்குத்தான் துணி, டிரைவருக்குத் தோல். முன்புறம் திறந்த லிமோசின்களில் மழையும் தூசியும் டிரைவர்மேல்தான் விழும், அவருடைய இருக்கைக்கு அதைத் தாங்கும் தோல் போதும் என்று விட்டார்கள். மூடிய பின்கூட்டுக்குள் இருந்தவர் மெத்தென்ற கம்பளித் துணியில் சாய்ந்திருந்தார். தோல்தான் ஆடம்பரம் என்ற எண்ணம் பிற்காலத்தது. ஜப்பானில் டொயோட்டா செஞ்சுரியில் பின்னால் ஏறுபவர்களில் பலர் இன்றும் கம்பளி இருக்கையைத்தான் கேட்டு வாங்குகிறார்கள், தோல் கிறீச்சிடுமாம்.

1920-களில் துணி இன்னும் ஒரு படி மேலே போய்க் காரின் வெளிப்புறத்தையே மூடியது. சார்லஸ் வேமன் என்பவரின் முறையில் மரச்சட்டத்தின்மேல் தகட்டுக்குப் பதிலாக, மெழுகுத்துணி போன்ற செயற்கைத் தோல் பூசிய துணியை இழுத்துக் கட்டினார்கள். மரமும் மரமும் நேரே உரசாதபடி இடையில் உலோகத் துண்டுகள். வண்டி லேசாக இருக்கும், கிறீச் சத்தமும் வராது. புகழ்பெற்ற பென்ட்லி பந்தயக் கார்கள் சிலவும் இப்படித் துணி உடுத்தி ஓடியவைதான். அடுத்த வீட்டுக்காரர் சிரித்தால் துணியொட்டி பென்ட்லியின் பெயரைச் சொல்லலாம்.

துணியொட்டியைப் போலவே தொழிற்சாலை ஒன்றும் சறுக்கியது, அது மிகச் சுவையான சறுக்கல். 1973-இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் தன் கிரெம்லின் காரை லெவைஸ் ஜீன்ஸ் உடையில் இறக்கியது. நீலத் துணி, ஆரஞ்சுத் தையல், செப்புப் பொத்தான், ஓரத்தில் லெவைஸின் சிவப்புத் துண்டு எல்லாம் இருந்தன. டெனிம் மட்டும் இல்லை. காருக்குள் பயன்படும் துணியில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது என்ற விதி 1972 முதல் அமெரிக்காவில் அமலுக்கு வந்திருந்தது. சிகரெட்டையும் தீக்குச்சியையும் மனத்தில் வைத்து எழுதிய விதி அது. பருத்தி டெனிம் அந்த வரம்புக்கு ஒத்துவரவில்லை. ஆகவே நைலானை டெனிம்போல் நூற்று, நெய்து, தைத்துவிட்டார்கள். துணியே துணி வேடம் போட்ட இந்தச் சம்பவம் மேற்கண்ட கருதுகோளுக்குக் கிடைத்த தலைசிறந்த சான்று.

நம் பக்கத்தில் மும்பை டாக்சிகள் இருக்கின்றன. பிரீமியர் பத்மினி டாக்சிகளின் கூரையும் கதவும் பூப்போட்ட ரெக்சினில் ஜொலித்தது ஊரறிந்தது. 2015-இல் டாக்சி ஃபேப்ரிக் என்ற முயற்சியில் இளம் வடிவமைப்பாளர்கள் அந்த நகரத்து டாக்சிகளின் இருக்கை, கூரை, கதவு எல்லாவற்றுக்கும் புதிதாகத் துணி வரைந்து கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் பத்மினி டாக்சிகள் மும்பைச் சாலைகளிலிருந்து முற்றாக விடைபெற்றன. இந்த ஆய்வுக்குக் களப்பணி செய்ய நினைத்தவர்களுக்கு அது பேரிழப்பு.

இனி செய்முறை. கழற்றிய டோர் பேடைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் எங்கோ ஒரு மூலையில் பிபி என்றோ ஏபிஎஸ் என்றோ இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகள் அம்புக்குறிகளுக்குள் பதிந்திருக்கும். பலரும் அதைப் பார்ட் நம்பர் என்று விட்டுவிடுகிறார்கள். துறையின் முழுத் தலைவிதியும் அதில்தான் இருக்கிறது. பிபி என்றால் பாலிபுரொப்பிலீன். எந்தப் பசையையும் தன்மேல் பரவவிடாத பிளாஸ்டிக், தண்ணீர் பட்டாலே முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, அதற்கென்று உள்ள பிரைமர் அடித்தால்தான் கொஞ்சமாவது பிடிக்கும். ஏபிஎஸ் இதற்கு நேர்மாறு. பசை நன்றாகப் பிடிக்கும், ஆனால் அழுக்கு எடுக்கிறேன் என்று தின்னரால் அழுத்தித் துடைத்தால் மேற்பரப்பே கரைந்து கையோடு வரும்.

வெள்ளை ஃபெவிகாலை இங்கே எடுக்கவே கூடாது. அதிலுள்ள தண்ணீரை மரம் உறிஞ்சும், பிளாஸ்டிக் உறிஞ்சாது. போதாததற்கு வெயிலில் இளகவும் செய்யும். தச்சர்கள் சன்மைக்கா ஒட்டும் ரப்பர் பசைதான் சரி. இரண்டு பக்கமும் தடவ வேண்டும், உடனே ஒட்டக் கூடாது. பாகுக்குக் கம்பிப் பதம் பார்ப்பதுபோல இதற்கும் பதம் உண்டு: தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், விரலில் வரக் கூடாது. முந்தினால் ஈரம் துணியில் ஊறிக் கறை தெரியும், பிந்தினால் ஒட்டாது. பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும் குணமுள்ள பசை என்பதால் வாழ்நாளில் ஒரே முறைதான் துணியைச் சரியாக வைக்க முடியும். கலம்காரி மயில் தலைகீழாக நிற்கும் கதவுகள் இப்படித்தான் உருவாகின்றன.

அடுத்த சிக்கல் வளைவு. வெளியே புடைத்த இடத்தில் துணியை இழுத்துப் பிடித்தால் ஓரளவு படியும். கைப்பிடிக்குக் கீழே உள்வாங்கும் குழியில் மட்டும், முதல் நாள் படிந்திருந்து, மூன்றாம் நாள் கூடாரம்போல எழும்பி நிற்கும். நெய்த துணி நீளவாட்டிலும் அகலவாட்டிலும் நீளாது, மூலைவாட்டில்தான் நெகிழும். இதைச் சொல்லித் தர வண்டித் தொழிற்சாலை தேவையில்லை. கிராஸ் கட் ரவிக்கை தைக்கும் தெருமுனை டெய்லருக்குத் தெரியும். பின்னல் துணிக்கு இந்தத் தொல்லை குறைவு. அதனால்தான் ரூஃப் துணி பெரும்பாலும் பின்னல் ரகமாக, பின்னால் மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டி வருகிறது. அந்த ஸ்பாஞ்ச்தான் சில ஆண்டுகளில் சூட்டிலும் ஈரத்திலும் பொடிப்பொடியாக உதிர்ந்து, கூரைத் துணி பின்சீட்டில் இருப்பவர் தலையில் வந்து படுக்கக் காரணம்.

ஓரம் மடிப்பதிலும் கவனம் வேண்டும். பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவே தொழிற்சாலை விட்டிருப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. துணியும் ஸ்பாஞ்சும் ஓரத்தில் மடிந்து இரட்டையாகும்போது அந்த இடம் போதாது. கையால் குத்தினால் ஒரு பக்கம் உட்காரும், மறுபக்கம் எழும்பும், கடைசியில் கிளிப் உடையும். ஓரத்தில் ஸ்பாஞ்சைச் சீவி எடுத்துவிட்டுத் துணியை மட்டும் மடிப்பது குஷன் கடைக்காரர்களின் கைப்பக்குவம். ஒழுங்காக உட்கார்ந்துவிட்டால் ஒரு லாபமும் உண்டு: பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசும் சத்தம் நின்றுவிடும்.

வெயிலின் தீர்ப்பு தனி. 2018-இல் வெளியான அரிசோனா ஆய்வு ஒன்றில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது. சித்திரையில் வேலூரிலோ மதுரையிலோ மரநிழல் இல்லாமல் கார் நிறுத்துபவர்கள் இதற்கு ஆச்சரியப்படப் போவதில்லை. கதவுத் துணி டேஷ்போர்டை முந்திக்கொண்டு வெளுப்பதற்கும் காரணம் உண்டு: முன் கண்ணாடி நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்த அடுக்குக் கண்ணாடி, புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடும், சாதாரணப் பக்கக் கண்ணாடி ஒரு பகுதியை உள்ளே விடும். பீரோவிலிருந்து எடுத்த பழைய பட்டுப்புடவை முதலில் போகும், வெளிச்சம் பட்டால் பட்டு நைந்துவிடும். டேஷ்போர்டின் மேல்தளத்தில் வெளிர் துணியோ ஜரிகையோ கூடவே கூடாது, அதன் பிம்பம் முன் கண்ணாடியில் விழுந்து சாலையை மறைக்கும். கார் நிறுவனங்கள் அங்கே கறுப்பு வைப்பது ரசனை இல்லாததால் அன்று.

விளையாட்டுக்கு இடமில்லாத பாகம் ஒன்று இருக்கிறது. பில்லர் டிரிம்மில் ஏர்பேக் என்றோ எஸ்ஆர்எஸ் என்றோ பதிந்திருந்தால் அதைத் தொடக் கூடாது. கூரையோரம் மடித்து வைத்த திரைப் பை, மோதலில் ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் அந்த மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அங்கே பசையும் துணியும் குறுக்கே நின்றால் பை எப்படி விரியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பழைய கார் தரகர்கள் இத்துறையின் வெளித் தேர்வாளர்கள். கதவைத் திறந்ததும் கலம்காரியை விரலால் தட்டிப் பார்த்து, அடியில் ஒரிஜினல் இருக்கிறதா என்று கேட்பார்கள். அப்படியே இருக்கிறது, பிய்த்தால் வந்துவிடும் என்று சொந்தக்காரர் சொல்வார். பதம் தப்பிய பசை என்றால் அது உண்மை. பதம் தவறாமல் ஒட்டியிருந்தால் துணி மட்டும் வரும், மஞ்சள் ரப்பர் பசை பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிடும். தரகர் அதற்கும் சேர்த்து விலையைக் குறைப்பார்.