ஞாயிறு வரை பொறுங்கள்

தூர்தர்ஷன் 1987-இல் காது கேளாதோருக்கென்று சைகைமொழிச் செய்தியைத் தொடங்கியது. வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை. திங்களன்று ஆட்சி கவிழ்ந்தாலும் எங்களுக்கு அது ஞாயிறன்றுதான் கவிழும்.

இப்போது அந்தக் குறையில்லை. டெல்லியில் எங்கள் ஜனக்புரிக்கு இரண்டு தடத்தில் மெட்ரோ வருகிறது, வீட்டுக்குள் இணையம் வருகிறது, கையகலத் திரையில் தமிழ்ச் சேனல்கள் குவிகின்றன. அடியில் எழுத்தும் தானாக ஓடுகிறது. அரசியல் விமர்சகர் மேசையைக் குத்திக் குத்திப் பேசுகிறார். எழுத்து சொல்கிறது: 'இசை'. அம்மாள் ஒருவர் சாம்பார் கொதிக்க வைக்கிறார்: 'இசை'. பெருங்காயம் எப்போது போடுவது என்பது கடைசிவரை ரகசியம். தமிழிசை இயக்கம் இப்படி வெல்லும் என்று ராஜா அண்ணாமலைச் செட்டியாரே நினைத்திருக்க மாட்டார்.

சட்டம் இல்லாமலா? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு வசன எழுத்தும் சைகைமொழியும் வேண்டும் என்கிறது. ஆனாலும் 'பதான்' படத்தில் ஷாருக்கான் என்ன பேசினார் என்று படிக்க, 2023 ஜனவரியில் சிலர் டெல்லி உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. ஓடிடி வெளியீட்டுக்கு எழுத்து சேர்க்க உத்தரவு வந்தது. தியேட்டருக்கு நேரம் போதவில்லையாம்.

எல்லாவற்றுக்கும் எழுத்து வரும்வரை வீட்டில் என் மருமகன்தான் மொழிபெயர்ப்பாளன். நாயகன் விடாமல் வசனம் பேசி முடித்ததும், போனில் தட்டிக் காட்டுவான்: "ஒண்ணுமில்ல மாமா, கோவமா இருக்கான்."

அது எனக்கும் தெரிந்தது.