ஏழரைச் சாண்

புதுமனை புகுவிழாவுக்கு வருகிறவர்கள் பந்தி எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள், மொய் எழுதுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பார்கள். மாமா சுவரைப் பார்ப்பார். ஒரு செருப்பைக் கழற்றி மற்றது காலில் பாக்கி இருக்கும்போதே கேட்டுவிடுவார்: "இன்னா மாப்ள, சுவரு இப்படிப் பேந்தப் பேந்த முழிக்குது?"

அவ்வளவுதான். கல்வீட்டுத் திட்டத்துப் பணம் வாங்கி, பற்றாததற்கு நகையை அடகு வைத்து, பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு ஹால் கட்டி நிமிர்ந்தவனுக்கு அந்த நிமிடத்தில் வீடு பாதிதான் முடிந்த மாதிரி ஆகிவிடும். வில்லியனூர் கொம்யூனில் எத்தனை ஊர் உண்டோ அத்தனை ஊரிலும் இப்படி ஒரு மாமா உண்டு. பாகூர்ப் பக்கம் அவரையே பெரியப்பா என்பார்கள்.

அடுத்தது சாண் போடுவது. டேப் எடுத்து நீட்டினால் வாங்கமாட்டார், அதெல்லாம் கொத்தனாருக்கு. கட்டைவிரலை ஜன்னல் ஓரத்தில் ஊன்றி, சுண்டுவிரலை நரம்பு புடைக்க நீட்டி, கட்டைவிரலைப் பெயர்த்து சுண்டுவிரல் இருந்த இடத்தில் வைத்து, மறுபடி நீட்டி, நாக்கு நுனி வாயோரத்தில் எட்டிப் பார்க்க, ஸ்விட்ச் போர்டு வரை நகர்ந்துகொண்டே போவார். எண்ணுவது வாய்விட்டு. நடுவில் யாராவது "சாப்ட்டீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டால் எண்ணிக்கை போச்சு, முதலிலிருந்து ஆரம்பம். சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்தால் இன்னும் மோசம். கேசரி நெய்யோடு போட்ட சாண் ஒவ்வொன்றும் புது பெயிண்டில் ஒரு புள்ளியாக நிற்கும். படம் வேண்டாம் என்று நினைத்திருந்தவனும் அந்தப் புள்ளிகளை மறைக்கவாவது ஒன்று மாட்டியாக வேண்டும்.

ஊரில் யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. சாண் என்றால் ஒன்பது அங்குலம் என்று மாமா கணக்கு வைத்திருக்கிறார். அவருடைய சாண் எட்டு. ஐந்தடிச் சுவர் அவர் கையில் ஏழரைச் சாண் வரும். ஏழரையை ஒன்பதால் பெருக்கி, அறுபத்தேழரை அங்குலம் என்று பிரேம் கடையில் எழுதிக் கொடுத்துவிடுவார். இருப்பது அறுபது. மிச்சம் ஏழரை அங்குலம் எங்கே போகும்? ஜன்னல் மேல் போகும், இல்லையென்றால் ஸ்விட்ச் போர்டு மேல் போகும்.

படம் வந்து மாட்டியாயிற்று என்றால் பரீட்சை தெருவில். வாசலைத் தாண்டி, கால்வாயைத் தாண்டி, எதிர்வீட்டுத் திண்ணையோரம் போய் நின்று திரும்பிப் பார்ப்பார். அங்கிருந்து தெரிந்தால் பாஸ். உள்ளே உட்கார்ந்திருக்கிற நம் கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்பது கேள்வியே இல்லை. சாலை ஓரத்து கட்சிப் பேனர்களும் காதுகுத்துப் பேனர்களும் பார்த்துப் பழகிய கண் அது. சின்னதாக இருந்தாலும் அழகு என்று யாராவது ஆரம்பித்தால் திருக்காமீஸ்வரர் தேரை இழுத்துவந்துவிடுவார். "பிரெஞ்சுக்காரன் காலத்துலேந்து கவர்னரே வந்து வடம் புடிக்கிறாருன்னா எதுக்கு? தேரு அந்த சைஸு. மரப்பாச்சித் தேரா இருந்தா வருவாரா?" இதற்கு என்ன பதில் சொல்வது?

பதில் சொல்ல முயன்றவர்கள் உண்டு. மியூசியங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 57 அங்குலத்தில் வருகிற மாதிரி மாட்டுகிறார்கள், அது நிற்கிற ஆளின் கண்மட்டம், பாயிலும் பிளாஸ்டிக் நாற்காலியிலும் உட்கார்கிற நமக்கு இன்னும் கொஞ்சம் இறங்கலாம் என்று என் தங்கை மகன் போனைப் பார்த்துச் சொன்னான். காலிச் சுவரில் மூன்றில் இரண்டு பங்கு, மிஞ்சினால் நாலில் மூன்று, ஆக ஐந்தடிக்கு 40 முதல் 45 அங்குலம் போதும் என்றும் சொன்னான். "மியூசியத்துல குடித்தனமா பண்றாங்க?" என்றார் மாமா. என் மனைவி செய்தது அதைவிடப் புத்திசாலித்தனம். தினத்தந்தித் தாளை வேண்டிய அளவுக்கு ஒட்டி, செல்லோடேப்பால் சுவரில் பதித்து, ரெண்டு நாள் விட்டுப் பார்த்தாள். காசு செலவில்லாமல் அளவு பிடிபட்டுவிடும். மாமா வந்தார், அதில் ஒரு செய்தியை நின்று முழுக்கப் படித்தார், "இன்னும் நாலு ஷீட்டு ஒட்டும்மா" என்று போய்விட்டார்.

உயரத்திலும் அவர் பிடிவாதம் லிண்டல் மட்டம். ஓட்டு வீட்டுக் காலத்தில் நிலைக்கு மேலே மாட்டியது உண்மைதான். கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த காலண்டர் லட்சுமியைச் சட்டம் போட்டு, கயிறு கட்டி, தலையை முன்னால் சாய்த்து மாட்டினார்கள். கீழே இருக்கிறவனுக்கு முகம் தெரியும், கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காது. மாமா உயரத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார், சாய்வை விட்டுவிட்டார். இப்போது லட்சுமி ஃபேனைப் பார்க்கிறாள், நாங்கள் கண்ணாடியில் டியூப்லைட்டைப் பார்க்கிறோம்.

வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அந்த வேலைக்கு முனுசாமி 2020-இல் பத்மஸ்ரீ வாங்கியிருக்கிறார். அந்த மண்ணில் செய்த ஓரடிச் சிற்பத் தகடு ஒன்றைச் சுவரில் பதித்திருந்தான் பக்கத்து வீட்டுப் பையன். மாமா தட்டிப் பார்த்தார். "பூச்சு உதிர்ந்துச்சா, ஒட்டு போட்டியா?"

மடக்கியவர் ஒருவர்தான், பாகூரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற சம்பந்தி. "நிருபதுங்கவர்மன் காலத்துல ஒரு கல்விச்சாலைக்கு மூணு ஊரைத் தானம் கொடுத்தாங்க. அந்தச் சங்கதி மொத்தமும் கையில தூக்குற செப்பேட்டுல அடங்கிப்போச்சு. உங்க மாமியார் படத்துக்கு நாலடி வேணுமா?" மாமா அசரவில்லை. "அதான் இத்தினி காலம் யாரு கண்ணுலயும் படாம கெடந்துது!"

சிரித்துவிட்டுப் போகலாம், தாத்தா படம் மட்டும் இல்லையென்றால். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. சைகோன் ஸ்டுடியோவில் எடுத்த ஒரே படம், அஞ்சல் அட்டை அளவு. கையில் எடுத்துப் பார்த்தால் மீசை முடி எண்ணலாம், காலர் மடிப்பு தெரியும். அதை மாமா மூன்றுக்கு நாலடியாகப் பெரிதாக்கச் சொன்னார். முகம் கலங்கியது. கலங்கினால் என்ன, கம்ப்யூட்டரில் சரி பண்ணலாம் என்றார்கள். புருவம் வரைந்து, உதட்டுக்குச் சிவப்பு ஏற்றி, பின்னால் நீல வானம் வைத்து ஒரு வேட்பாளரைக் கொண்டுவந்து தந்தார்கள். பில் என் பெயரில். அசல் படத்தைக் கேட்டேன், அங்கேயே எங்கேயோ இருக்கும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை. இதை நான் மன்னிக்கப் போவதில்லை.

ஆனால் சாவு வீட்டில் மாமா வேறு ஆள். எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது ரேஷன் கார்டையோ ஆதாரையோ தேடி எடுத்து, நடுராத்திரியில் ஸ்டுடியோக்காரரை எழுப்பி, விடிவதற்குள் சட்டம் போட்ட படத்தைச் சைக்கிளில் மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் வைத்து மாலை போடுவது அவர்தான். அதற்குக் காசு கேட்டதும் இல்லை. அன்றைக்கு அளவு பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

எங்கள் வீட்டுக்கு அவர் அன்பளிப்பு ஏழு குதிரைப் படம். வாஸ்துவுக்கு நல்லதாம். அறுபத்தேழரை அங்குலம். ஏழாவது குதிரையின் வாலுக்குப் பின்னால் ஸ்விட்ச் போர்டு இருக்கிறது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டு, துழாவி, முதலில் தட்டுப்படுவது காலிங் பெல், அடுத்தது லைட், மூன்றாவது ஃபேன். எங்களுக்குப் பழகிவிட்டது. மாமாவுக்குத்தான் பழகவில்லை. வந்து உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டு, "யாருப்பா அங்க, அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுங்க. எந்த மடையன் போர்டை அங்க வெச்சான்?" என்கிறார்.