அதெல்லாம் வர்றதில்லம்மா

தமிழ்நாட்டில் சட்டத்தை எவனும் மதிப்பதில்லை என்று புலம்புகிறவர்கள் நாட்றம்பள்ளியில் ஒரு மெடிக்கல் கடை வாசலில் ஐந்து நிமிடம் நிற்கட்டும். இருக்கிற சட்டத்தை மதிக்கிறோமோ இல்லையோ, இல்லாத சட்டத்துக்கு நாம் காட்டும் பக்தி தெரிந்துவிடும்.

பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. அரசாணை உண்டு, கையெழுத்து உண்டு. தோல் கழிவால் பாலாற்றைக் கெடுக்காதே என்று 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. வாணியம்பாடிப் பக்கம் போய் ஆற்றைக் கேளுங்கள், நகல் இன்னும் கைக்கு வரவில்லை என்று சொல்லும். அவசர கருத்தடை மாத்திரைக்கோ தடையே கிடையாது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கலாம் என்று 2005லேயே மத்திய அரசு திறந்துவிட்டது. இங்குள்ள அதிகாரிகளும், கேட்டால், தடை ஏதும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் 2020இல் ஓர் ஆய்வுக்காக மாநிலத்து மருந்துக் கடைகளில் விசாரித்தபோது நூற்றுக்கு மூன்று கடையில்தான் அது இருந்தது. மற்ற கடைக்காரர்கள் பெரும்பாலும் சொன்ன காரணம், அரசாங்கம் தடை செய்துவிட்டது! எழுதிப் போட்ட ஆணைக்கு இந்த மரியாதை என்றைக்காவது கிடைத்ததுண்டா?

ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து ஒருத்தி இறங்கி வருகிறாள். நாள் முழுக்க ஷூவின் மேல்பகுதியைத் தைத்த கை. அந்த ஷூவைப் போட்டு நடக்கப்போகும் ஜெர்மன்காரி, 2015 முதல் மருந்துக் கடையில் நேராகக் கேட்டு இந்த மாத்திரையை வாங்குகிறாள். இவள் கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்.

"அதெல்லாம் வர்றதில்லம்மா." அதோடு விட்டாலாவது பரவாயில்லை. "கல்யாணம் ஆயிடுச்சா?"

பக்கத்தில் நின்று காண்டம் வாங்கிப் போனவனிடம் இந்தக் கேள்வி எழவில்லை. அவள் நாப்கின் மட்டும் வாங்கிக்கொள்கிறாள். அதைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுத் தருகிறார்கள். கவர் தடை செய்யப்பட்டது; அது தாராளமாக வருகிறது.

இது கருவைக் கலைக்கும் மாத்திரை இல்லை. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கரு தங்கிவிட்டால் இதற்கு அங்கே வேலையே கிடையாது. கலைக்கும் மாத்திரைக்குச் சீட்டு வேண்டும், பில் வேண்டும், ஆய்வாளர் வந்து குடைவார். அந்தப் பயத்தில் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கடைக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். கடைக்காரரைத் திட்ட எனக்கு மனமில்லை. லைசென்ஸ்தான் அவர் சோறு. பயத்தை வாய்மொழியாக உலவவிட்டு, கேட்டால் கையை விரிக்கிறதே மேலிடம், அதைத்தான் திட்ட வேண்டும். 'தடை இல்லை' என்று கடைக்குக் கடை ஒட்ட ஒரு தாளும் கொஞ்சம் பசையும் போதும். தலைவர்களின் பிறந்தநாளுக்குச் சுவர் கொள்ளாமல் ஒட்டுகிற ஊரில் பசைக்கா பஞ்சம்?

இந்த மாத்திரை கிடைத்தால் பெண்கள் கெட்டுப்போவார்களாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: தமிழ்நாட்டில் பிள்ளை பெறும் வயதில் உள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஆண்களின் பங்கு 0.1. அவள் வயிற்றில் கத்தி வைத்தால் கலாச்சாரம் சிரிக்கும். அவளாக ஒரு மாத்திரை விழுங்கினால் கதறும். கருத்தடை பெண்ணின் விடுதலைக்காக என்று தொண்ணூறு வருடத்துக்கு முன்பே எழுதிய பெரியாருக்கு, வருடம் தவறாமல் மாலை மட்டும் போய்விடுகிறது.

இந்த மாத்திரைக்குக் கணக்கு 72 மணி நேரம். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன். அந்த ஷூ கம்பெனிப் பெண்ணுக்கு வழி இல்லாமல் இல்லை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, ஜோலார்பேட்டையில் ரயிலேறி, ஆந்திர எல்லை தாண்டிக் குப்பத்தில் இறங்கலாம். அங்கே இது வெறும் மாத்திரை. மறுநாள் சூப்பர்வைசர் கேட்டால், குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.