கால் நனையாத கடலாய்வாளர்

ஆய்வுக் கட்டுரைகளை எழுதிக் குவிக்கும் ‘பேப்பர் சேர்’ மன்னாருக்கு மட்டும் சொந்தமானவர் அல்ல. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் சென்னையிலும் அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் ஏராளம். ஆனால் மன்னார்க்காரருக்கென்று ஒரு தனிக் களை உண்டு. மீன் சந்தைக்குப் போனாலும் ஏதோவொரு மாநாட்டில் மாட்டிவிட்ட அடையாள அட்டை கழுத்தில் தொங்கும். பாரைமீன் விலை கேட்கிற இடத்திலும் ‘என்ர ஆய்வுப் பரப்பு’ என்றுதான் தொடங்குவார். கேட்டதை எழுதித் தரும் மெஷினான சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. அதற்கு முன்னர் இரண்டு வருடத்துக்கு ஒரு கட்டுரை எழுதியவர், இப்போது மாதத்துக்கு மூன்று எழுதுகிறார்.

“இந்த மாசம் என்ன சேர்?”

“ஒண்டு கடலட்டை, ஒண்டு பனை, ஒண்டு காற்றாலை. நாலாவதும் வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும். தலைப்பு இன்னும் பார்க்கேல்ல.”

அவருக்குப் பெயர் வாங்கித் தந்த கட்டுரை, பேசாலை மீனவர் 50 பேரிடம் எடுத்த நேர்காணல் பற்றியது. ஐம்பது பேரும் ஒரே நாளில் வீட்டில் இருந்திருக்கிறார்கள். ஒருவரும் கடலுக்குப் போகவில்லை, விடிய வந்து அயர்ந்து தூங்கவில்லை, கிழிந்த வலையோடு மல்லுக்கட்டவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் முழுசாகப் பதில். உண்மையான பேசாலைக்குப் படிவத்தோடு போனவர்களுக்குத் தெரியும், முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்: “தம்பி எந்த என்ஜிஓ? போன முறையும் வந்து எழுதிக்கொண்டு போனாங்கள், ஒண்டும் வரேல்ல.” சேரின் ஐம்பது பேரில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? மடிக்கணினிக்குள் பிறந்து, அதற்குள்ளேயே பதில் சொல்லிவிட்டுப் போனவர்கள்.

அதே கட்டுரையில் ‘தீவின் மலைச்சரிவுக் குடியிருப்புகள்’ என்று ஒரு தொடர் வருகிறது. மன்னார்த் தீவில், தலைமன்னார் இறங்குதுறை முதல் மன்னார்ப் பாலம் வரை தேடினாலும் ஒரு சரிவு கிடைக்காது. பனையை விட்டால் தேவாலயக் கோபுரம், அதை விட்டால் 2020 டிசெம்பரில் திறந்துவைத்த ‘தம்பபவனி’யின் 30 காற்றாலைகள். உயரம் என்று அங்கே இருப்பது அவ்வளவுதான்.

ஆனால் உச்சம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. முத்துக்குளிப்புப் பகுதிக்கு ஆதாரமாக ‘ஹெர்ட்மன், 2019’ என்று போட்டிருந்தார். வில்லியம் ஹெர்ட்மன் லிவர்பூல் பேராசிரியர். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிகள் ஏன் வருடக்கணக்கில் காணாமல் போகின்றன என்று பார்க்க 1902இல் இலங்கைக்கு வந்தவர். கப்பலேறி, அடிக்கடலை வாரி, சிப்பியைப் பிளந்து பார்த்தார். உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெலை இங்கே விட்டுவிட்டுப் போனார். 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதி அறிக்கை வெளியிட்டார். நாடாப்புழுவின் குடம்பிதான் முத்து உண்டாகக் காரணம் என்று அதில் வாதாடினார். அந்த விளக்கம் பின்னால் நிற்கவில்லை. ஆனாலும் மனிதர் பிழைவிட்டது எந்த இடத்தில் என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம். அவர் இறந்தது 1924இல். 2019இல் கட்டுரை எழுதினார் என்றால், முத்தைவிடப் பெரிய கண்டுபிடிப்பு அதுதான்.

“அது மெஷின் தந்தது தம்பி. மெஷின் பொய் சொல்லுமே?”

சொல்லும், சிரித்த முகத்தோடு சொல்லும். அடுத்த சொல் எது வந்தால் பொருந்தும் என்று கணித்து எழுதுகிற கருவி அது. பெயர், ஆண்டு, தொகுதி எண் எல்லாம் மேற்கோள் போலவே இருக்கும். நூல் மட்டும் இருக்காது.

சேருக்கு வெளிநாட்டுத் துணையும் உண்டு. 2024 பெப்ரவரியில் ஃபிரன்டியர்ஸ் நிறுவனத்தின் இதழொன்றில் மிட்ஜர்னி என்ற படம் வரையும் மெஷின் வரைந்த எலிப் படம் வந்தது. எலியின் பிறப்புறுப்பு எலியைவிடப் பெரிது; பக்கத்தில் எழுதியிருந்த பெயர்கள் எந்த மொழியிலும் சேராதவை. மதிப்பாய்வாளர் ஒருவர் கேள்வி கேட்டும் அச்சேறி, சில நாளில் மீளப் பெறப்பட்டது. அதே காலத்தில் எல்செவியர் நிறுவனத்தின் இதழொன்றில் வந்த கட்டுரையில், மெஷின் முன்னுரையை எடுத்து நீட்டும்போது சொன்ன ‘இதோ’வையும் சேர்த்தே ஒட்டியிருந்தார்கள். ஆசிரியர் குழு, மதிப்பாய்வாளர்கள் என்று அத்தனை பேர் கையைத் தாண்டிய முதல் வரி அது!

2023 பெப்ரவரியில் வெளியீட்டு ஒழுக்கக் குழுவான ‘கோப்’, செயற்கை நுண்ணறிவு கட்டுரையாசிரியர் ஆக முடியாது, எழுதியதற்குப் பொறுப்பேற்க அதனால் இயலாது என்று அறிவித்தது. சேர் மனமார வரவேற்றார்: “நல்லது. பேரைப் பங்குபோடத் தேவையில்லை.” எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினோம் என்று கட்டுரையிலேயே எழுதச் சொல்கிறது அறிவிப்பின் மற்றப் பாதி. அந்தப் பாதியை அவர் இன்னும் வாசிக்கவில்லை.

ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதவேண்டியிருக்கிற பிள்ளை, தன் வசனத்தைக் கருவியிடம் கொடுத்துத் திருத்துவதில் குற்றமில்லை. பெரிய வெளியீட்டாளர்களே அதை அனுமதிக்கிறார்கள். மெஷின் எழுத்தைப் பிடிக்கும் செயலிகளை நம்பவும் முடியாது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் ஆங்கிலத் தேர்வுக்குக் கைப்பட எழுதியவற்றில் பாதிக்கு மேற்பட்டதை அவை மெஷின் தலையில் கட்டியதை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். அந்தப் பிள்ளை மாட்டுவாள், பேப்பர் சேர் தப்புவார்.

இப்போது அவர் மதிப்பாய்வாளரும் ஆகிவிட்டார். யாரோ நம்பி அனுப்பிய அச்சேறாத கட்டுரையை அப்படியே சாட்ஜிபிடிக்குள் கொட்டுகிறார். இப்படிப்பட்டவர்களுக்கென்றே சிலர் பொறியும் வைத்தார்கள். 8 நாடுகளின் 14 நிறுவனங்களிலிருந்து வந்த 17 முன்வரைவுகளில், நல்லதாகவே விமர்சிக்கும்படி மெஷினுக்கு இட்ட கட்டளை வெள்ளை எழுத்திலும் பொடி எழுத்திலும் ஒளிந்திருந்ததை ஜப்பானின் நிக்கேய் செய்தி நிறுவனம் 2025 ஜூலையில் வெளிப்படுத்தியது. சேர் கொதித்தார். “பச்சைத் துரோகம்!” கொஞ்சம் ஆறின பிறகு குரலைத் தாழ்த்தினார்: “தம்பி, அந்த வெள்ளை எழுத்து எப்பிடிப் போடுறது?”

மன்னாரைப் பற்றிய ஆய்வென்று ஏதாவது உங்கள் கைக்கு வந்தால், தலைப்பைப் பார்த்து மயங்காமல் கடைசிப் பக்கத்துக்குப் போய் ஒரு மேற்கோளையாவது தேடிப் பாருங்கள். ஹெர்ட்மனின் ஐந்து தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.